டோம்ப்ரா சொல்ல இருந்த சேதி

எனக்குத் தம்பி பெண்டாட்டியைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டே போகும்போது நான் எங்கேயோ மனம் மாறி அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். அவளுக்கும் என்னைப் பிடிக்காது. குவீன்ஸ்டவுனில் மூவறை வீடு, ஒரே சமையலறை, நடுவில் என் அம்மா. நாலு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

தம்பி கடலில் எண்ணெய் மேடை கட்டுகிற இஞ்சினியர். கஜகஸ்தானில் காஸ்பியன் கடலோரம் வேலை கிடைத்துப் போனான். நாலு வாரம் அங்கே, நாலு வாரம் இங்கே. ஒரு தடவை வரும்போது சாக்லேட்டுக்குப் பதில் கல்யாணச் செய்தியைக் கொண்டுவந்தான். அடுத்த தடவை ஆளையே கொண்டுவந்தான். அதற்கடுத்த தடவை அவளை எங்களிடம் விட்டுவிட்டு அவன் மட்டும் விமானம் ஏறிவிட்டான். கட்டிக்கொண்டவன் கடலில் இருக்கிறான். அவளோடு குப்பை கொட்டுவது நான்.

முதல் சண்டை டீயில் வந்தது. அவர்களும் எங்களைப் போலப் பால் ஊற்றித்தான் டீ குடிப்பார்களாம். வந்த மறுநாளே அம்மாவுக்கும் எனக்கும் போட்டுக்கொடுத்தாள். பாதிக் கோப்பைதான் ஊற்றியிருந்தாள். என் வீட்டில், என் பாலில், எனக்குப் பாதிக் கோப்பையா என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நான் எழுந்து போய் அவளுடைய கோப்பையை விளிம்பு வரை நிரப்பி அவள் முன்னால் வைத்தேன். அவள் முகம் செத்துப்போய்விட்டது. அவர்கள் பழக்கத்தில் பாதிக் கோப்பை என்றால் 'இன்னும் கேள், இன்னும் இரு' என்று அர்த்தம், முழுக் கோப்பை என்றால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம் என்று தம்பி பிறகு போனில் சொன்னான். நல்ல பழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவளுக்கு நான் ஊற்றிய ஒவ்வொரு கோப்பையையும் தளும்பத் தளும்பத்தான் ஊற்றினேன்.

அப்புறம் டோம்ப்ரா. அவள் கொண்டுவந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றில் துணி, மற்றதில் இது. பேரிக்காயை நெடுக்காக வெட்டி நீளக் காம்பு வைத்த மாதிரி ஒரு மர வாத்தியம். இரண்டே நரம்பு. அந்த நரம்பும் மீன் பிடிக்கிற தூண்டில் நைலான்தான். ஒரு தடவை அறுந்தபோது தம்பி தூண்டில் கடைக்குப் போய் வாங்கி வந்தான். விரல்களாலேயே மேலும் கீழுமாக அடித்து வாசிப்பாள். கேட்பவர்களெல்லாம் 'குதிரை ஓடுகிற மாதிரி இருக்கு' என்று சொல்வார்கள். எனக்கு மேல்மாடி வீட்டில் ரெனொவேஷன் நடக்கிற மாதிரி இருக்கும். நம் ஊர் ஈரத்தில் மரம் வளைந்துவிடும் என்று அதற்குப் பக்கத்தில் ஈரம் உறிஞ்சுகிற டப்பாக்கள் நாலு. என் அலமாரியில் சேலை பூசணம் பிடித்துக் கிடந்தது, அதற்கு ஒரு டப்பா கிடையாது.

வாசிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஒரு கதை உண்டு. அவர்கள் வாசிக்கிற ஒவ்வொரு உருப்படிக்கும் 'குய்' என்று பெயர். அதில் பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது. ஆனால் அது எப்படிப் பிறந்தது என்ற கதையைச் சொல்லாமல் குய்யை வாசிக்கக் கூடாதாம். கதையும் சேர்ந்ததுதான் குய்யாம். குய்யாம் குய். குய்யோ முறையோ என்று கத்த வேண்டியது நான்.

சாயங்காலம் ஆனால் அம்மா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துவிடுவார். அவள் தரையில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த தமிழில் ஆரம்பிப்பாள். பனிமூட்டத்தில் ஒட்டகத்தைத் தொலைத்த ஒருவன் நாற்பது நாள் தேடினானாம், ஒட்டகம் நாற்பது நாளும் அவன் பின்னாலேயே நடந்து வந்ததாம். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். பிறகு அவள் வாசிப்பாள். "இப்ப ஒட்டகம் மூச்சு விடுதுல்ல?" என்று அம்மா கேட்பார். "ஆமாம்மா, கரெக்ட்!" என்று அவள் குதிப்பாள். அடுப்பில் சாம்பார் பொங்கி வழியும்.

நான் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறேன். நாளெல்லாம் பல்வலிக்காரர்களிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு ரயில் மாறி வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமாம்மா" என்று ஆரம்பித்தால் அம்மா, "இரு இரு, இவ கதைய முடிக்கட்டும்" என்று கையைக் காட்டுவார். ஐம்பது வருஷம் நான் அம்மாவோடு இருந்திருக்கிறேன். என் ஒரு நாளின் கதையை அம்மா அப்படிக் காலை மடக்கி உட்கார்ந்து கேட்டதில்லை. எரிச்சல் என்று சொன்னால் போதாது. பொறாமை. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். பதினோரு மணி இருக்கும். தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, அவ பக்கத்துல இருக்காளா?"

"அம்மாவோட தேக்கா கோயிலுக்குப் போயிருக்கா. ஏன், அவளுக்கே போன் பண்ண வேண்டியதுதானே?"

"அவ அப்பா இறந்துட்டாரு. தூக்கத்துலயே. இப்பதான் அவ அண்ணன் கூப்பிட்டான்."

மீன்காரர் பையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் அதை உடனே வாங்கக்கூட இல்லை. "அவகிட்ட சொல்லிட்டியா?" என்றேன்.

"சொல்லக் கூடாது. நீயும் சொல்லிடாத. பாசிர் ரிஸ்ல அவங்க ஊர்க்காரர் ஒருத்தர் இருக்காரு. ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வருவாரு. அவரு சொல்வாரு."

"அவரு யாரு வந்து சொல்றதுக்கு?"

"டோம்ப்ராவுல சொல்வாரு அக்கா. அவங்கள்ல பழைய வழக்கம் அது. சாவுச் சேதிய யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. சொல்றவங்க அந்தச் சாவைக் கொண்டுவந்த மாதிரி ஆயிடுமாம். ஒரு கதையச் சொல்லி அதை வாசிப்பாங்க. கேக்கறவங்களுக்கே புரிஞ்சு, அவங்க வாயாலயே சொல்லணும். அது வரைக்கும் வாசிக்கறவரு நிறுத்த மாட்டாரு. இப்பல்லாம் எல்லாரும் இப்படிச் செய்யறதில்ல. ஆனா இவ அப்பா வாசிக்கறவரு. அவருக்கு இது இல்லாம வேணாம்னு அவ அண்ணன் சொல்றான்."

"பைத்தியமா உங்களுக்கெல்லாம்? அவளுக்கு மெசேஜ் வராதா? சொந்தக்காரங்க கூப்பிட மாட்டாங்களா?"

"எல்லாருக்கும் சொல்லி வச்சாச்சு. யாரும் கூப்பிட மாட்டாங்க. ஏழரை மணி ஃப்ளைட்டுக்கு டிக்கெட் போட்டுட்டேன். அடக்கம் நாளன்னிக்குதான், இவ போற வரைக்கும் வச்சிருப்பாங்க. ரெண்டு மணி வரைக்கும் வாயத் திறக்காம இரு அக்கா, ப்ளீஸ். மூணு மணி நேரம்தான் லா."

போனை வைத்துவிட்டு எனக்கு வந்தது துக்கமில்லை, கோபம். ஊர் முழுக்கச் சேர்ந்து ஒருத்தியை முட்டாளாக்குகிறார்கள், அதில் எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. நம் ஆட்கள் மட்டும் யோக்கியமா? நாமும் சாவைச் சாவு என்று சொல்ல மாட்டோம். 'கொஞ்சம் சீரியஸா இருக்கு, கிளம்பி வா' என்போம். என் அப்பா போனபோது நான் அப்போதிருந்த கம்பெனியின் டிரெயினிங்குக்காகப் பெர்த்தில் இருந்தேன். மாமா கூப்பிட்டு அதே வார்த்தையைச் சொன்னார். சீரியஸ் என்றால் உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? விமான நிலையத்தில் அப்பாவுக்குப் பிடித்த சர்க்கரை போடாத பிஸ்கட் டப்பா ஒன்று வாங்கினேன். டாக்சி எங்கள் புளோக்குக்குக் கீழே திரும்பியபோது தரைத்தளத்தில் காலியாக விட்டிருக்கிற வாய்ட் டெக்கில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது, பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. நம் புளோக்கில் யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பிஸ்கட் டப்பாவோடு இறங்கி, 'யாருக்கு?' என்று கேட்டேன். கேட்டது என் சித்தப்பாவிடம். அன்றைக்கு முடிவு செய்தேன், யார் செத்தாலும் நான் நேராகச் சொல்வேன் என்று. கிளினிக்கில்கூட டாக்டர் சுற்றி வளைத்துச் சொல்வதை நான் ஒரே வரியில் சொல்லிவிடுவேன்: 'இந்தப் பல் தேறாது, எடுக்கணும்.'

ஆனாலும் தம்பி கெஞ்சினானே என்று வாயைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேரும் தேக்காவிலிருந்து வந்தார்கள். அம்மா கோயிலுக்குள் போனால் அவள் வாசலிலேயே நின்றுவிடுவாள், செருப்புக்குக் காவலாக. அன்றைக்கு யாரோ ஒரு வெள்ளைக்கார டூரிஸ்ட் அவளைச் செருப்புக் கடைக்காரி என்று நினைத்து விலை கேட்டானாம். அதைச் சொல்லிச் சொல்லி லிஃப்டிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவள் தலையில் அம்மா மல்லிகை வைத்துவிட்டிருந்தார். அப்பா செத்த பெண் தலையில் பூவோடு, வாயெல்லாம் பல்லாக என் முன்னால் நிற்கிறாள். நான் மீனைக் கழுவப் போய்விட்டேன்.

மீனைக் கழுவும்போது பின்னால் வந்து நின்று, "அண்ணி, சாயங்காலம் எங்கப்பாவுக்கு வீடியோ கால் பண்ணப் போறேன். இந்தச் செருப்புக் கதைய அவருக்குச் சொல்லணும்" என்றாள். "சரி, தள்ளி நில்லு, தண்ணி தெறிக்கும்" என்றேன்.

அவள் அப்பா ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். வந்து நிற்கிற ரயிலின் சக்கரங்களை நீளக் கைப்பிடிச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவாராம். நல்ல சக்கரம் ஒரு மாதிரி ஒலிக்கும், விரிசல் விட்டது வேறு மாதிரி ஒலிக்கும். அந்தக் காதோடு வீட்டுக்கு வந்து டோம்ப்ரா வாசிப்பாராம். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட அவரை எங்கள் வீட்டு வீடியோ காலில் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். என்னைப் பார்த்தால் நெஞ்சில் கை வைத்துக் குனிவார். நான் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

சாப்பிட்டு முடித்து அம்மா படுத்தார். ஒரு மணி. அவள் ஹாலில் உட்கார்ந்து டோம்ப்ராவைச் சுருதி சேர்க்க ஆரம்பித்தாள். டொய்ங், டொய்ங் என்று ஒரே நரம்பு. பிறகு வாசிக்க ஆரம்பித்தாள். நல்ல துள்ளலான ஒன்று. நான் உள்ளே போய்ப் படுத்தேன், முடியவில்லை. எழுந்து துணி மடித்தேன், முடியவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் இதை நான் சுமந்துகொண்டிருக்க வேண்டும், அவள் துள்ளிக்கொண்டிருப்பாள். அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வரும், எனக்கு எல்லாமே கோபமாகத்தான் வரும்.

"அம்மா தூங்கறாங்க. நிறுத்தறியா?" என்று ஹாலுக்கு வந்து சொன்னேன்.

"அம்மாவுக்கு இது பிடிக்கும். தூங்கும்போது வாசின்னு அவங்கதான் சொன்னாங்க."

"எனக்குப் பிடிக்கல."

அவள் நிறுத்தினாள். நரம்பின்மேல் உள்ளங்கையை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு இது பிடிக்காதா, என்னைப் பிடிக்காதா?"

"ரெண்டும்தான்."

"மூணு வருஷம் அண்ணி. ஒரு குய்கூட நீங்க கடைசி வரைக்கும் கேட்டதில்ல. பாதியில கதவைச் சாத்துவீங்க. பாத்திரத்தைப் போடுவீங்க. மிக்ஸி ஓட்டுவீங்க. தேங்காயே இல்லாம மிக்ஸி ஓட்டுவீங்க, நான் பார்த்திருக்கேன்."

உண்மைதான், ஒரு தடவை ஓட்டியிருக்கிறேன். உண்மையைச் சொன்னதால் எனக்கு இன்னும் ஏறியது. "இது எங்க வீடு. எனக்குத் தேவைன்னா வெறும் மிக்ஸி ஓட்டுவேன். நீ இந்தக் கட்டையத் தட்டறதுக்கு அது எவ்வளவோ மேல்."

அந்த வார்த்தையில் அவளுக்கும் பற்றிக்கொண்டது. எழுந்து நின்றாள். "எங்கப்பா இங்க வந்திருந்தா இந்த வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தே சொல்லிருப்பாரு, இந்த வீட்ல எது விரிசல்னு. நான் சாயங்காலம் அவர்கிட்ட சொல்லத்தான் போறேன், இங்க ஒருத்தங்க..."

"சொல்லு, போய்ச் சொல்லு. உங்கப்பா செத்துட்டாரு. காலையிலயே செத்துட்டாரு."

அப்படித்தான் சொன்னேன். கையை நீட்டிக்கொண்டு சொன்னேன். நேராகச் சொல்வேன் என்று எடுத்த முடிவெல்லாம் ஒன்றும் இல்லை. சண்டையில் என் கையில் அது இருந்தது, எடுத்து அடித்தேன்.

அவள் டோம்ப்ராவை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் பொய் சொல்லவில்லை என்பது தெரிகிற வரை பார்த்தாள். பிறகு, "சந்தோஷமா சொல்றீங்க" என்றாள்.

பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன், அது சந்தோஷமா என்று. சந்தோஷம் இல்லை. கிளினிக்கில் சண்டைக்கு வருகிற ஆளை ஒரே வார்த்தையில் வாயடைத்து அனுப்பிய பிறகு ஒரு தெம்பு வரும், அதுதான். ஒரு மனிதருடைய சாவைக் கொடுத்து அந்தத் தெம்பை வாங்கிக்கொண்டேன். அது ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை.

அறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது. "ஏண்டி, உனக்கு வாயே அடங்காதா? இதையா? இப்படியா?" என்றார். எனக்கு நாற்பது வயதுக்கு மேல் அம்மா என்னை 'ஏண்டி' என்று கூப்பிட்டதே இல்லை.

நான் தம்பி சொன்னதை உளறிக்கொட்டினேன். பாசிர் ரிஸ், இரண்டு மணி, ஏழரை விமானம். எல்லாவற்றையும் அவள் நின்றபடியே கேட்டாள். அழவில்லை. தலையிலிருந்த மல்லிகையை மெதுவாக உருவி டீப்பாயின்மேல் வைத்தாள்.

"அவர் டோம்ப்ரா கொண்டு வராரா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்ப நீங்க சொல்லல. நான் கேக்கல. அம்மா, நீங்களும் தூங்கிட்டிருந்தீங்க. அவர் வந்து வாசிக்கட்டும்."

"எதுக்கும்மா இந்த வேஷம்? உனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே" என்று அம்மா அழுதார்.

"எங்கப்பா எத்தனையோ வீட்டுக்குப் போய் இப்படி வாசிச்சிருக்காரு. அவருக்குன்னு ஒருத்தர் வந்து வாசிக்கணும். எனக்கு அவர் சாவு இப்படி, மிக்ஸி சண்டையில வந்துச்சுன்னு இருக்கக் கூடாது. அவருக்கு நான் குடுக்கக்கூடியது இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அதையும் இவங்க எடுத்துக்க வேணாம்."

'இவங்க' என்றது என்னை. என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். முகம் கழுவிவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். நாங்கள் மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு மணிக்குச் சரியாகப் பெல் அடித்தது. வந்தவருக்கு என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும், வங்கியில் கம்ப்யூட்டர் வேலையாம். கசங்கிய வெள்ளைச் சட்டை, முதுகில் டோம்ப்ரா உறை. கூட அவர் மனைவி. 'இந்தப் பக்கம் வந்தோம், உங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று' என்பதாக ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அவளும் அதை நம்பினவளைப் போலச் சிரித்து வரவேற்று டீ போட்டாள். எல்லோருக்கும் பாதிக் கோப்பை ஊற்றினாள். எனக்கும்.

அவர் டீயைக் குடித்துவிட்டு உறையைத் திறந்தார். எங்களுக்குப் புரியாத பாஷையில் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை, பழக்க தோஷம். "என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அவள் சொன்னாள். அவர் சொல்லச் சொல்ல, எங்களுக்குத் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். "புல்வெளியில ஒரு சின்ன ஸ்டேஷன் இருந்துச்சாம். அங்க ஒருத்தர் சுத்தியலால சக்கரத்தைத் தட்டுவாராம். அவர் தட்டாம எந்த ரயிலும் கிளம்பாதாம். இன்னைக்குக் காலைல ஒரு ரயில் வந்து நின்னுச்சாம்." நிறுத்தினாள். அவர் காத்திருந்தார். "ரொம்ப நேரமா நிக்குதாம். டிரைவர் ஹாரன் அடிச்சாராம். சுத்தியல் சுவத்துல சாஞ்சு நிக்குதாம். ஏன் யாரும் அதை எடுக்கலன்னு ரயில் கேக்குதாம்."

அதோடு அவர் பேச்சை நிறுத்திவிட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு குய்யைக் கேட்டேன். வேறு வழியில்லாமல் கேட்டேன். முதலில் ஒரே சுரம், டிங், டிங் என்று இடைவெளி விட்டு, ஒவ்வொரு சக்கரமாக நடந்து போகிற மாதிரி. ஒவ்வொன்றும் நன்றாக ஒலித்தது. பிறகு ஒன்றில் நின்றது. அந்த ஒன்றையே திரும்பத் திரும்பத் தட்டினார். அது மட்டும் ஒலிக்கவில்லை. விரலை நரம்பின்மேலேயே வைத்து அடித்ததால் கட்டைச் சத்தம்தான் வந்தது. அப்புறம் இரண்டு நரம்பும் சேர்ந்து எழுந்து என்னவோ கேட்டது. யாரையோ கூப்பிட்டது. மறுபடி அந்தக் கட்டைச் சத்தம். கிளம்ப முடியாமல் ஒரு பெரிய ரயில் எங்கள் ஹாலில் நின்றது.

முடிகிற இடத்தில் அவர் அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இரண்டாவது தடவையும் அவள் சொல்லவில்லை. மூன்றாவது தடவை அவர் விரல் நுனி சிவந்திருந்தது. அவர் மனைவி குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணுக்கு ஏன் இன்னும் புரியவில்லை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். காரணம் எனக்குத் தெரியும். அவளுக்கு அந்த வார்த்தை வாய் வரை வருகிறது, வரும்போது அது என் குரலில் வருகிறது. கையை நீட்டிக்கொண்டு ஹாலில் நின்று கத்தின குரலில். அதை எப்படி அவள் தன் அப்பாவுக்குச் சொல்வாள்? அவர்கள் ஊரே வாயைக் கட்டிக்கொண்டு அவளுக்காகப் பத்திரமாக வைத்திருந்ததை நான் தூக்கிப் போட்டு உடைத்திருக்கிறேன்.

நாலாவது தடவை வாசிப்பு அந்தக் கட்டைச் சத்தத்துக்கு வந்தபோது அவள் என் பக்கம் திரும்பினாள். சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். அவர்களுக்குப் புரியாத தமிழில், மெதுவாகச் சொன்னாள்.

"என்னால முடியல அண்ணி. நீங்க கெடுத்துட்டீங்க. நீங்களே சொல்லுங்க. இந்தத் தடவை ஒழுங்கா சொல்லுங்க."

அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். நாளெல்லாம் நேராகச் சொல்லியே பிழைக்கிறவள் நான். சோபாவை விட்டு இறங்கி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அவள் கையைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. என் முட்டியையே பிடித்துக்கொண்டேன்.

"அப்பா..." என்றேன். உங்கப்பா என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். "அப்பா போயிட்டாரும்மா. தூங்கும்போதே போயிட்டாரு. வலியில்லாம போயிட்டாரு. நீ வரணும்னு வச்சிருக்காங்க."

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நரம்பின்மேல் உள்ளங்கையை வைத்து நிறுத்திவிட்டார். அவர் எழுந்தார், அவர் மனைவியும் எழுந்தாள்.

அவள் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே கை நீட்டினாள். ஒரு கணம் அது என்னை நோக்கி என்றுதான் நினைத்தேன். எனக்குப் பின்னால் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தார். நான் நகர்ந்து வழி விட்டேன்.